கடலுக்கு அடியில் ஒரு குடை ரிப்பேர் கடை

அன்பும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அச்சமும் கலந்து வணங்கும் அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி மனைவியும் சுகம். அவளுக்கு முழங்கால் வலி, எனக்கு வலது மணிக்கட்டு வலி. இவை இரண்டும் போக மிச்சமிருக்கிற உடம்பு சௌக்கியமாக இருக்கிறது. அங்கே அத்தானின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரி வார்டைக் கட்டி மேய்த்த தலைமை நர்ஸ் வீட்டில் இருக்கும்போது எந்தச் சர்க்கரைக்கு ஏறுகிற துணிச்சல் வரும்?

இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படி. முடிந்தால் அத்தானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அவர்தான் எப்போதும் எனக்காக ஒரு வார்த்தை பரிந்து பேசுகிறவர். விஷயம் என்னவென்றால், நான் உன்னிடம் பதினொரு வருஷமாக ஒரு பொய் சொல்லி வருகிறேன். பாடப்புத்தக அச்சகத்தில் பிழை திருத்துகிறேன் என்று சொன்னேன் இல்லையா? ஒரு காலத்தில் அது சத்தியமான உண்மை. அந்த அச்சகம் இன்றைக்கும் கீழ்த்தளத்தில் இருக்கிறது. நான்தான் பதினொரு வருஷத்துக்கு முன்னால் மாடிப்படி ஏறிவிட்டேன். மாடியில் இருப்பது மாத நாவல் அலுவலகம். பஸ் நிலையக் கடைகளில் கிளிப் மாட்டித் தொங்குமே, அட்டையில் ஒருவன் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு, மூன்றாவது கை இல்லையே என்ற வருத்தத்தோடு நிற்பானே, அந்தக் 'கேப்டன் பேரிடி' கதைகளை மாதம் ஒன்றாக எழுதித் தள்ளுகிற 'எரிமலை' என்கிற ஆசாமி வேறு யாருமில்லை, உன் உடன்பிறந்த தம்பிதான். சொல்லிவிட்டேன். இப்போது ஒரு வாய் தண்ணீர் குடி.

எனக்கு எட்டு வயதிருக்கும். பூகோளப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்த துப்பறியும் கதையை நீ பிடுங்கி, அப்பா சலூனில் சவரத்துக்கு வெந்நீர் போடுகிற அடுப்பில் செருகினாய். கடைசி நாலு பக்கம் பாக்கி. கொலைகாரன் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதோடு விட்டாயா? "இந்தக் குப்பைய எழுதுறவன் கை விளங்காது" என்று வாழ்த்து வேறு. போன மாதம் மணிக்கட்டு வலிக்கு டாக்டரிடம் போனேன். அழுத்திப் பார்த்துவிட்டு, "இது பரம்பரையா வர்றதா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், அக்கா" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இந்தப் பொய் மட்டும் என்றால் சாகிறவரை சுமந்திருப்பேன், எனக்கொன்றும் கனக்கவில்லை. ஆனால் இதற்குள்ளே இன்னொன்று இருக்கிறது, அது நம் முட்டுச்சந்து பற்றியது. ஞாபகம் இருக்கிறதா என்று உன்னைக் கேட்பது அபத்தம். இந்தப் பக்கம் பதினைந்து கடை, அந்தப் பக்கம் பதினைந்து கடை, கோடியில் வழியை அடைத்துக்கொண்டு அப்பாவின் சலூன். எனக்குப் பத்து வயதும் உனக்குப் பதினாறும் இருந்தபோது பஸ் நிலையம் கட்டுவதற்காக நாலே நாளில் எல்லாவற்றையும் இடித்தார்கள். நமக்கு அது முழு உலகம். இடித்தவர்களுக்கு அது பஸ் திரும்புகிற இடம். அப்புறம் நகராட்சி ஆவண அறையில் யாரோ ஒரு மகானுபாவர் நீண்ட விடுமுறைக்கு முன்னால் மேல்மாடிக் குழாயை மூட மறந்துபோனார். திரும்பி வந்து பார்த்தால் ஆவணமெல்லாம் கூழ். ஆகக்கூடி, காகிதப்படி பார்த்தால் நீயும் நானும் இல்லாத சந்தில் வளர்ந்தவர்கள்.

இருபத்தைந்து வயதில் எனக்கு ரோஷம் வந்தது. உட்கார்ந்து நாற்பது பக்கம் எழுதினேன். குடைக்காரர், தன்னிடமிருந்த குடையையெல்லாம் மழைநாளில் இரவல் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு வீட்டுக்குப் போவாரே, அவர். தன் உயரம்தான் உலகத்தின் உயரம் என்று எல்லாருடைய கால்சட்டையையும் ஒரு சாண் நீளமாகவே தைத்த நெட்டைத் தையல்காரர். மணி என்ன என்று கேட்டால், சுவரில் ஆளுக்கொரு நேரம் காட்டுகிற இருபது கடிகாரங்களை நிமிர்ந்து பார்த்து, "எந்த மணி வேணும்?" என்று கேட்கும் கடிகாரக்காரர். ஊர்ப் பூட்டையெல்லாம் திறந்துவிட்டுத் தன் வீட்டைப் பூட்டாமலே வாழ்ந்த சாவிக்காரி. ஒருவர் விடாமல் எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால், "எல்லாம் சரி, இதில் என்ன நடக்கிறது?" என்று எழுதியிருந்தார்கள்.

என்ன நடக்கிறதாம்! அக்கா, அந்த ஒரு வரி பல வருஷம் என் தொண்டையில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. மாடியில் எழுத வாய்ப்புக் கிடைத்த அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். நடக்கத்தானே வேண்டும், நடத்திக் காட்டுகிறேன். கேப்டன் பேரிடி பனிமலைக்குப் போவான், பாலைவனத்துக்குப் போவான், வேற்றுக்கிரகத்துக்கும் போவான். எங்கே போனாலும் சரி, ஏழாம் அத்தியாயத்தில் எதிரிகள் துரத்த ஒரு சந்துக்குள் நுழைவான். அந்தச் சந்து நம் சந்து. கதவு எண், படிக்கட்டு எத்தனை, பலகையில் பெயின்ட் உரிந்த இடம், ஆள், ஆளின் பேச்சு, எல்லாம் அச்சு அசல். மற்ற அத்தியாயமெல்லாம் புளுகு. ஏழு மட்டும் சத்தியம். மாதத்துக்கு ஒரு கடை. யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏனென்றால் விஷயம் தெரிந்தால் முதலில் வெட்டுவது ஏழாம் அத்தியாயத்தைத்தான்.

மாத நாவல் ஆசிரியர் ஒருமுறை மோப்பம் பிடித்துவிட்டார். கேப்டன் நீர்மூழ்கிக் கப்பலில் போய் ஆழ்கடல் நகரத்தைக் கண்டுபிடிக்கிற கதை அது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கூப்பிட்டார்.

"என்னய்யா இது? கடலுக்கு அடியில குடை ரிப்பேர் கடை எதுக்கு? தண்ணிக்குள்ள மழை எப்படிய்யா வரும்?"

"வராது சார். அதனாலதான் வியாபாரம் மந்தம்னு எழுதியிருக்கேன்."

அவர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். பிறகு, "சரி, சுறாமீன் ஒண்ணு அந்தக் கடைக்குள்ள வந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிப் போட்டுவிட்டார். குடைக்காரர் சுறாவைக் குடையால் அடித்து விரட்டினார். உண்மையில் அவர் ஈயைக்கூட அடிக்காதவர். அந்த ஒரு பாவத்துக்கு நான் பொறுப்பு.

இப்படி நூற்று முப்பத்திரண்டு நாவல் ஓடிவிட்டது. வாழ்க்கையில் எனக்கு ஒரே ஒரு எதிரிதான் இருந்தான். ஒரு வாசகர். மாதம் தவறாமல் அஞ்சலட்டை போடுவார். பெயர் கிடையாது, 'ஒரு வாசகர்', அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் ஒரு நடைமுறை உண்டு: வாசகர் கடிதங்களை எழுத்தாளனிடம் நேராகக் கொடுக்க மாட்டார்கள். தட்டச்சு செய்கிற அம்மாள் புகாரை மட்டும் ஒரு துண்டுத்தாளில் அடித்துக் கொடுப்பார். பாராட்டைச் சேர்த்தால் எழுத்தாளனுக்குத் தலைக்கனம் வந்துவிடும் என்பது ஆசிரியரின் சித்தாந்தம். அந்தத் துண்டுத்தாள் மாதாமாதம் வரும்: "பக்கம் 46. குடைக்கடை இடம் அல்ல, வலம்." அடுத்த மாதம்: "பக்கம் 51. சாவிக்கடை வலம் அல்ல, இடம்." நான் எதைச் சொன்னாலும் அதற்கு எதிர்ப்பாட்டு. வேற்றுக்கிரகத்துச் சந்தில் எது இடம், எது வலம் என்று இந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? 'இடவலம்' என்று பெயர் வைத்து, பதில்கள் பகுதியில் நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கினேன். அப்படியும் அடங்காமல் போகவே, 'முதலைப் பள்ளத்தில் மூன்று நிமிடம்' என்ற நாவலில் இடவலம் என்றே ஒரு பாத்திரத்தைப் படைத்து, ஒன்பதாம் அத்தியாயத்தில் முதலைக்குப் போட்டேன். அடுத்த மாதம் துண்டுத்தாள் வந்தது: "குடைக்கடை இன்னும் வலப்பக்கம்தான்." ஒரே ஒரு மாதம்தான் அந்த ஆளிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. ஆள் போய்விட்டார் என்று அன்றைக்கு ஆனந்தப்பட்டேன். சாயங்காலத்துக்குள் ஏனோ மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த மாதம் மறுபடி புகார் வந்ததும், சொன்னால் வெட்கம், இனிப்பு வாங்கி வந்தேன்.

சரி, இப்போது தலைக்கு மேல் வந்திருக்கிற வெள்ளத்துக்கு வருகிறேன். பஸ் நிலையத்தை ஊருக்கு வெளியே மாற்றிவிட்டார்கள். பழைய இடத்தில் கடைவளாகம் கட்டுகிறார்கள். அஸ்திவாரம் தோண்டும்போது நம் சந்தின் அடித்தளக் கற்கள் வரிசையாக வெளியே வந்தன, முப்பத்தொரு கடைக்கும். பொறுப்பில் இருக்கிற பொறியாளர் அம்மா நல்ல மனசுக்காரர். அந்தக் கோட்டின் மேலேயே ஒரு நடைக்கூடம் போட்டு, கடைக்கு ஒரு தூணாக முப்பத்தொரு தூண் நிறுத்தி, ஒவ்வொரு தூணிலும் அங்கே யார் இருந்தார்கள், என்ன தொழில் செய்தார்கள் என்று கல்லில் வெட்டப் போகிறார்கள். "ஆதாரம் உள்ளவர்கள் கொண்டு வரலாம்" என்று விளம்பரம் கொடுத்தார்கள். விளம்பரத்தைப் படித்துவிட்டு நான் பேசாமல் மடித்து வைத்தேன். உன் தம்பி மனைவி பார்த்துவிட்டாள்.

"எழுதுறப்ப இருந்த தைரியம் எடுத்துக்கிட்டுப் போறதுக்கு இல்லையா?"

"அட்டைப் படத்தைப் பார்த்தியா? இத எப்படி ஒரு ஆபீஸ்ல கொண்டுபோய் நீட்டுறது?"

"அட்டையக் கிழிச்சுட்டு நீட்டுங்க. இல்ல, உங்க மூஞ்சியக் காட்டாம அட்டையக் காட்டுங்க. ரெண்டுல அதுதான் கொஞ்சம் பரவால்ல."

சக்கரம் வைத்த பெட்டியில் நூற்று முப்பத்திரண்டையும் அடைத்துக்கொண்டு போனேன். இரண்டாவது மாடிப்படியில் ஜிப் வாயைப் பிளந்தது. கேப்டன் பேரிடி படிப்படியாக உருண்டு வாசல்வரை போய்விட்டான். காவலாளி பொறுக்கிக் கொடுத்தார். ஒன்றை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டு, "இது நான் படிக்காதது" என்றார். உள்ளே ஆதாரங்களைச் சரிபார்க்கிற குழுவினர் ஐந்து பேர். பொறியாளர் அம்மா மேலே கிடந்ததை எடுத்து, பாம்பைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு சிரிக்கும் ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்து, என்னைப் பார்த்து, மறுபடி படத்தைப் பார்த்தார். "ஏழாம் அத்தியாயம் மட்டும் படிங்கம்மா" என்று கும்பிட்டேன். படித்தார். கல்லின் அளவு, படிக்கட்டின் எண்ணிக்கை, சாக்கடை திரும்புகிற இடம், தோண்டியபோது கிடைத்தவை அத்தனையும் ஒத்துப்போயின. அரைமணி நேரம் அறையில் பக்கம் புரட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கடைசியில் ஒருவர் நிமிர்ந்து, "எட்டாம் அத்தியாயம் நான் படிக்கலாமா? அந்தக் கயிறு அறுந்துச்சா இல்லையா?" என்று கேட்டார். அக்கா, என் வாழ்நாளில் அப்படி ஒரு அரைமணி நேரம் இருந்ததில்லை. அழுதுவிடுவேனோ என்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் இன்னொரு சாட்சியை உள்ளே அழைத்து வந்தார்கள். நம் சந்துக்குத் தபால் கொடுத்தவர். எண்பத்துநாலு வயது. நான் எழுதிய வரிசையைப் படித்துக் காட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு, காலைத் தரையில் மெல்ல மாற்றி மாற்றி வைத்து, உட்கார்ந்த இடத்திலேயே நடந்துகொண்டு கேட்டார்.

"ஆளெல்லாம் சரி, நம்பரும் சரி. பக்கம்தான் மாறிப்போச்சு" என்றார். "சந்துக்குள்ள நுழைஞ்சா குடைக்கடை வலது கைப் பக்கம். பை எனக்கு இடது தோள்ல. கடுதாசி குடுக்கிறது வலது கை. தப்பு பண்ணவே முடியாது."

"தோள் மாத்திப் போட்டிருப்பீங்க ஐயா" என்றேன் நான், என் கெட்ட நேரம்.

"நாப்பது வருஷமா?" என்று அவர் எழுந்துவிட்டார். நானும் எழுந்துவிட்டேன். இரண்டு பேரும் நடு அறையில் நின்று வலது கையையும் இடது கையையும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு கத்தினோம். வாசலில் இருந்து பார்த்தவர்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு என்றுதான் தோன்றியிருக்கும். குழுவில் இருந்த ஒருவர், "சாட்சி ரெண்டு, சந்து ரெண்டு" என்று சொல்லிக் கோப்பை மூடினார்.

மூன்றாம் நாள் எங்கள் தெரு சலூனில் முகச்சவரத்துக்கு உட்கார்ந்தேன். ஒரு கன்னம் முடிந்தது. எதிரே சுவர்க்கண்ணாடியில் தெரு முழுக்கத் தெரிகிறது. மருந்துக்கடை இந்தப் பக்கம், செருப்புக்கடை அந்தப் பக்கம். சும்மா திரும்பி வாசலைப் பார்த்தேன். மருந்துக்கடை அந்தப் பக்கம், செருப்புக்கடை இந்தப் பக்கம். மறுபடி கண்ணாடி. மறுபடி வாசல். சலூன்காரர், "சார், கழுத்தை ஆட்டாதீங்க, கையில கத்தி இருக்கு" என்கிறார். நான் நுரையோடு எழுந்து வீட்டுக்கு ஓடினேன். கழுத்தில் துண்டு பறக்கிறது, பின்னால் சலூன்காரர் துண்டுக்காக ஓடி வருகிறார்.

புரிகிறதா அக்கா? அப்பா என்னைப் பள்ளிக்கூடம் விட்டதும் சலூன் பெஞ்சில் உட்கார வைப்பார். சந்துக்கு முதுகைக் காட்டி, சுவர்க்கண்ணாடியைப் பார்த்து உட்கார வேண்டும். அப்போதுதான் யாருக்காவது முடி வெட்டிக்கொண்டே, நான் படிக்கிறேனா தூங்குகிறேனா என்று கண்ணாடியில் என் முகத்தை அவர் பார்க்க முடியும். அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் அவர் தோளுக்குப் பின்னால் சந்தைப் பார்த்தேன். நடந்த காலுக்குச் சரியான பக்கம் தெரிந்திருக்கும்தான். ஆனால் கதை எழுதும்போது எனக்கு வருவது கால் ஞாபகம் இல்லை, பெஞ்சு ஞாபகம். நூற்று முப்பத்திரண்டு நாவலிலும் நான் எழுதியது நம் சந்தை இல்லை. கண்ணாடியில் விழுந்த சந்தை.

மறுநாளே போய்ப் பொறியாளர் அம்மாவிடம் ஒத்துக்கொண்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"சார், நீங்க சொல்றத நான் நம்புறேன். ஆனா குழுவுக்கு அது பத்தாது. நேத்துவரைக்கும் கட்டிப் புரண்டுட்டு இன்னைக்கு நீங்களும் தபால்காரரும் ஒரே பாட்டைப் பாடினா, டீக்கடையில பேசி முடிச்சுட்டீங்கன்னுதான் சொல்லுவாங்க. நாங்க விளம்பரம் குடுக்கறதுக்கு முன்னாடியே, உங்க ரெண்டு பேரையும் தவிர வேற யாராவது கைப்பட எழுதின காகிதம் ஒண்ணு கொண்டுவாங்க. ஒண்ணே ஒண்ணு போதும். வெள்ளிக்கிழமை கடைசிக் கூட்டம். வரலைன்னா தூண்ல வெறும் நம்பர்தான் வெட்டுவோம்."

வெறும் நம்பர். ஒன்று, இரண்டு, மூன்று. குடைக்காரருக்குப் பிள்ளை இல்லை. சாவிக்காரிக்கு யாருமே இல்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இந்த ஊரில் வேறு ஒரு எழுத்து கிடையாது அக்கா. என் மேல் இருக்கிற கோபத்தை அவர்கள் மேல் காட்டாதே.

இதற்கு நடுவில் இடவலம் யார் என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். கண்ணாடி விஷயம் பிடிபட்டதும், அத்தனை மாதமும் அந்த ஆள் சொன்னதுதான் சரி என்று புரிந்துபோயிற்று. அப்படியானால் சந்தை அறிந்த ஆள். அப்படியானால் தபால்காரர்! நேரே அவர் வீட்டுக்குப் போய், "ஐயா, மாசாமாசம் கார்டு போட்டது நீங்கதானே?" என்று கேட்டேன். "நான்தான் போட்டேன். நாப்பது வருஷம் போட்டேன், வீடு வீடாப் போட்டேன்" என்றார் பெருமையாக. முதலைக்குப் போட்டதற்காக அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். எந்த முதலை என்று கேட்காமலே மன்னித்துவிட்டார், பெரிய மனுஷர். ஆனால் அந்தக் கார்டுகளால் நமக்குப் பிரயோசனமில்லை. அதே தபால்காரர், அதே சாட்சி. நேற்று ஆசிரியர் வேறு, அலமாரியைக் காலி செய்வதாகச் சொல்லி, இடவலத்தின் அசல் அட்டைகளையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு அனுப்பிவிட்டார். மேஜைக்கு அடியில் கிடக்கிறது. "பிரிச்சுத்தான் பாருங்களேன்" என்கிறாள் உன் தம்பி மனைவி. அந்தத் தபால்காரர் கையெழுத்தைப் பார்த்து எனக்கு என்ன ஆகப் போகிறது?

ஆகையால் அக்கா, இந்த உலகத்தில் மிச்சமிருப்பது நீ ஒருத்திதான். உன் தகரப் பெட்டியைத் திற. பழைய பள்ளிக்கூட நோட்டு, சிநேகிதிக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம், நர்சு படிப்புக்கு விண்ணப்பம் எழுதியபோது வீட்டுக்கு வழி குறித்த துண்டுக் காகிதம், எதுவானாலும் சரி. "சந்துக்குள் நுழைந்ததும் வலது பக்கம் குடைக்கடை" என்று ஒரு வரி உன் கையால் எழுதியது இருந்தால் போதும். வியாழக்கிழமைக்குள் கொண்டு வந்து சேர். குப்பை எழுதியதற்கும், அதை மறைத்ததற்கும் என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன். ஊசி மட்டும் வேண்டாம். 'பேரிடி' என்ற பெயரைக் கேட்டாலே உனக்கு முகம் சுளிக்கும் என்று தெரியும். ஒரு பக்கம்கூட நீ படிக்க வேண்டியதில்லை. என் அக்கா அந்த மாதிரி புத்தகத்தைக் கையால்கூடத் தொட மாட்டாள் என்று பொறியாளர் அம்மாவிடமே சொல்லி வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் கையால் எங்கள் இருவருக்கும் ஆசி அனுப்பு. அதிலேயே ஓர் ஓரமாக மன்னிப்பும் வைத்து அனுப்பினால் உறையின் எடை கூடாது.

என்றும் உன் பேச்சை மீறியே வளர்ந்த, பாசமுள்ள
தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதிய எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறையை ஒட்டுவதற்குப் பசை தேடுகிறேன் என்று மேஜைக்கு அடியில் குனிந்த உன் தம்பி மனைவி அந்தத் துணிப்பையைப் பிரித்துவிட்டாள். தரையிலேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். முழங்கால் வலிக்காரி இவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தாள். "ஏழாம் அத்தியாயம், பக்கம் 46" என்று ஆரம்பிக்கிறது. அந்த 'ழா'வைப் பார்த்தேன். வால் நீளமாக இறங்கி அடுத்த வரியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. நீ திருத்திக் கொடுத்த என் வீட்டுப்பாட நோட்டில் ஐந்து வருஷம் நின்ற வால் அது. மேலே உங்கள் ஊர் அஞ்சல் முத்திரை.

அக்கா, நூற்று முப்பத்திரண்டு இருக்கிறது. முதல் அட்டையிலேயே, "இதை எழுதுகிறவர் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்து வளர்ந்தவர். நான் திருப்பிப் போட்டுப் படித்துக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். அது புகார் இல்லை என்று தட்டச்சு அம்மாள் விட்டுவிட்டார். முதலை மாதத்து அட்டையில், "கடிபட்ட இடத்துக்கு மருந்து போட்டாயிற்று. குடைக்கடை இன்னும் வலப்பக்கம்தான்" என்று இருக்கிறது. இடவலம் போய்விட்டார் என்று நான் ஆனந்தப்பட்ட அந்த ஒரு மாதத்து அட்டையும் இருக்கிறது. கேப்டன் கடைசிப் போருக்கு முன்னால் சவரம் செய்துகொள்கிற கதை அது, அப்பா கடையை நான் எழுதிய ஒரே கதை. "ஏழாம் அத்தியாயம். அப்பா கடை சந்தின் கோடியில், நடுவில். திருத்த ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். மற்ற எல்லா அட்டையிலும் இடவலத்துக்குப் பிறகு இரண்டே வார்த்தை இருக்கிறது. தட்டச்சு அம்மாள் ஒருமுறைகூட எனக்கு அடித்துக் கொடுக்காத இரண்டு வார்த்தை: "மற்றபடி சரி."

தேதி போட்டு, முத்திரை குத்தி, விளம்பரத்துக்குப் பதினொரு வருஷம் முன்பிருந்தே, வேறு ஒருவர் கைப்பட எழுதியது. ஒன்று கேட்டார்கள், நூற்று முப்பத்திரண்டு கொடுக்கப் போகிறேன். ஆகவே பெட்டியைத் திறக்காதே, காகிதம் தேடாதே, சாட்சி சொல்ல வராதே. என்னை மன்னிப்பதையும் கொஞ்சம் நிறுத்தி வை, பதினொரு வருஷம் தெரியாதது போல "அச்சகத்துல வேலை எப்படிடா போகுது?" என்று கேட்டுக்கொண்டிருந்தவளை நான் மன்னிக்க வேண்டியிருக்கிறது. சும்மா வா. அத்தானையும் கூட்டிக்கொண்டு வியாழக்கிழமையே வந்துவிடு.

வரும்போது ஒரே ஒரு தகவல் மட்டும் வேண்டும். இவ்வளவு குப்பையை விடாமல் படித்திருக்கிற நீ, அன்றைக்கு அந்தப் புத்தகத்தை அடுப்பில் செருகுவதற்கு முன்னால் கடைசி நாலு பக்கத்தைப் படிக்காமல் செருகியிருக்க மாட்டாய். கொலைகாரன் யார்?